மாணவர் போராட்டம்: பல்கலைக்கழகம் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

ஏதாவது ஒரு வளாகத்தில் மாணவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டால் போதும், வெளியே இருப்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "படிக்க வந்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? போலீஸைக் கூப்பிட்டு அப்புறப்படுத்த வேண்டியதுதானே" என்கிறது ஓர் அணி. "போராடுவது உரிமை, நிர்வாகம் வாயே திறக்கக் கூடாது" என்கிறது இன்னோர் அணி. சில மாதம் கழித்து வேறு மாணவர்கள் வேறொரு கோரிக்கைக்காக உட்காரும்போது இந்த அணிகள் சத்தமில்லாமல் இடம் மாறிக்கொள்கின்றன. நேற்று உரிமை பேசியவர் இன்று ஒழுங்கு பேசுகிறார். ஒழுங்கு பேசியவருக்குத் திடீரென்று உரிமை நினைவுக்கு வருகிறது.

இப்படி இடம் மாற முடிவதற்குக் காரணம் ஒன்றுதான். இருவருமே "இந்தக் கோரிக்கை எனக்குப் பிடித்திருக்கிறதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு, "பல்கலைக்கழகம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கென்று தனியாக ஒரு தர்க்கம் இருக்கிறது. பல ஊர்களில், பல பத்தாண்டுகளில் பட்டுத் தெரிந்துகொண்ட தர்க்கம் அது. புதிதாக இந்த விவாதத்துக்குள் வருகிறவர்களுக்கு அதை அடியிலிருந்து விளக்கிப் பார்க்கிறேன்.

ஒரே பெயரில் மூன்று பொருள்

எந்தப் போராட்டத்தையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று பொருள் இருக்கும். மாணவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது செய்தி. அதை எங்கே, எப்போது, எப்படிச் சொல்கிறார்கள் என்பது விதம். நிர்வாகம் என்ன செய்ய வேண்டும் என்கிறார்கள் என்பது கோரிக்கை.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளை ஒருத்தி கதவை ஓங்கிச் சாத்திவிட்டு, "உங்களுக்கு என்மேல் அக்கறையே இல்லை, எனக்குத் தனி அறை வேண்டும்" என்று கத்துகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அக்கறை இல்லை என்பது செய்தி. கதவைச் சாத்தியது விதம். தனி அறை கோரிக்கை. "கதவைச் சாத்தினாய் அல்லவா, இனி அறை கிடையாது" என்கிற பெற்றோர், விதத்துக்குத் தர வேண்டிய பதிலைக் கோரிக்கையின் தலையில் போடுகிறார். "அறை தருகிறேன், தயவுசெய்து சாத்தாதே" என்கிறவர் கோரிக்கையைக் கொடுத்து அமைதியை வாங்குகிறார். அடுத்த முறை கதவு இன்னும் ஓங்கிச் சாத்தப்படும். "எனக்கா அக்கறை இல்லை?" என்று கையை ஓங்குகிறவர் செய்திக்கே தண்டனை கொடுக்கிறார். மூவருமே பதில் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் மூவருடைய பதிலும் தவறான விலாசத்துக்குப் போயிருக்கிறது.

இந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் தாங்கும். மாணவர்கள் வயது வந்தவர்கள். துணைவேந்தர் அவர்களுக்கு அப்பா இல்லை. (பல துணைவேந்தர்களின் சங்கடமே இதை மறந்துபோவதில்தான் தொடங்குகிறது.) ஆனாலும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வருவதற்கு இந்தக் கதவு உதவும்.

இதுவரை சொன்னது: செய்திக்குத் தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை. விதத்துக்குப் பொது விதிகள். கோரிக்கைக்குப் பேச்சு. மூன்றையும் கலந்தால் சிக்கல்.

நூலகத்தின் அமைதி விதி

நூலகத்தில் சத்தம் போடக் கூடாது. கவிதையை உரக்கப் படித்தாலும், கிரிக்கெட் ஸ்கோர் சொன்னாலும், பிரார்த்தனை செய்தாலும் நூலகர் வந்து விரலை உதட்டில் வைப்பார். நீங்கள் என்ன பேசினீர்கள் என்று அவர் கேட்பதில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. பேச்சின் பொருளைப் பார்க்காமல் அது நடக்கும் முறையை மட்டும் பார்த்து விதி போடுவதற்கு உள்ளடக்க நடுநிலை என்று பெயர். அப்படிப் போடப்படுகிறவற்றை "நேரம், இடம், விதம்" சார்ந்த விதிகள் என்பார்கள்: தேர்வு நடக்கும்போது ஒலிபெருக்கி வேண்டாம், இரவு பத்து மணிக்குமேல் விடுதி முற்றத்தில் முழக்கம் வேண்டாம், வாசல்படியில் நிற்கலாம் ஆனால் வழியை அடைக்கக் கூடாது என்பவை போல.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1972ஆம் ஆண்டு தீர்ப்பான ஒரு வழக்கு இதை அழகாகக் காட்டுகிறது. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரில் ஒரு பள்ளிக்கு வெளியே கறுப்பின மாணவர்களின் கோரிக்கைகளுக்காக ஆர்ப்பாட்டம் நடந்தது. நகரத்தின் இரண்டு விதிகளின்கீழ் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது வழக்கு. ஒரு விதி, பள்ளிக்கு அருகே மறியலே கூடாது என்றது, தொழிலாளர் தகராறு தொடர்பான மறியலைத் தவிர. இன்னொன்று, வகுப்பு நடக்கும்போது பாடத்தைக் கெடுக்கும் சத்தம் கூடாது என்றது. நீதிமன்றம் முதல் விதியை அடித்துவிட்டு இரண்டாவதை ஏற்றுக்கொண்டது. முதல் விதி "நீ எதற்காக நிற்கிறாய்?" என்று கேட்டுவிட்டு ஆளுக்கு ஒரு பதில் சொன்னது. இரண்டாவது யாரையும் எதுவும் கேட்கவில்லை. சத்தத்தை மட்டும் அளந்தது.

அந்தத் தீர்ப்பிலும் ஒரு நூலகம் வருகிறது. நூலகத்தில் மௌனமாக நிற்பது அதன் வேலையைக் கெடுக்காமல் இருக்கலாம், வாசிப்பு அறையில் சொற்பொழிவு ஆற்றினால் நிச்சயம் கெடும், அதே சொற்பொழிவு பூங்காவில் முழுக்கப் பொருத்தம் என்கிறார்கள் நீதிபதிகள். ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் இயல்பாக நடக்க வேண்டிய காரியத்தோடு இந்தச் செயல் ஒத்துப்போகுமா என்பதுதான் அவர்கள் வைத்த அளவுகோல். அது அமெரிக்கச் சட்டம்தான். பிற நாடுகளில் சட்டம் வேறு. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அரசின் மீதுள்ள கட்டுப்பாடு பல நாடுகளில் அப்படியே பொருந்துவதும் இல்லை. ஆனால் அளவுகோலைக் கடன் வாங்குவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

நீங்கள் வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் இதிலிருந்து கிடைக்கிறது. செய்தியில் பார்த்த போராட்டத்தின் பதாகைகளை மனத்துக்குள் மாற்றி எழுதுங்கள். உங்களுக்கு எரிச்சலூட்டும் வாசகத்தை அதே மாணவர்களின் கையில் கொடுங்கள். இப்போதும் நிர்வாகம் அதையே செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா? இல்லை என்றால், இவ்வளவு நேரம் நீங்கள் விதியைப் பற்றிப் பேசவில்லை.

விதி எப்போது எழுதப்பட்டது என்பதும் முக்கியம். பத்து வருடமாக யார் வேண்டுமானாலும் உட்கார்ந்த புல்வெளிக்கு, ஒரு குறிப்பிட்ட கூட்டம் வந்து உட்கார்ந்த மறுநாள் காலை புதுத் தடை அறிவிப்பு வந்தால், அதில் எந்தக் கருத்தின் பெயரும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

சங்கடம் வேறு, தடை வேறு

போராட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை செயல்களை நாம் திணித்துவைத்திருக்கிறோம் என்று பாருங்கள். சட்டையில் பேட்ஜ் குத்திக்கொள்வது, துண்டுப்பிரசுரம் கொடுப்பது, வகுப்பைப் புறக்கணிப்பது, ஊர்வலம், வராந்தாவில் உள்ளிருப்பு, புல்வெளியில் கூடாரம், நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றுவது, அதிகாரியை அறைக்குள் வைத்து முற்றுகையிடுவது, கண்ணாடியை உடைப்பது, ஆளை அடிப்பது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இருக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆனாலும் "போராட்டத்தை அனுமதிக்கலாமா கூடாதா?" என்றுதான் தொலைக்காட்சியில் கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி: யாருடைய எந்த வேலை நின்றுபோனது? முழக்கத்தைக் கேட்டு ஒரு பேராசிரியருக்கு மனம் கசந்தது என்றால் அது சங்கடம். அவரால் வகுப்புக்குள் நுழைய முடியவில்லை என்றால் அது தடை. சங்கடம் தருவது போராட்டத்தின் தொழில். யாருக்கும் சங்கடம் தராத போராட்டத்தை நடத்துவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம். தடைதான் விதியின் எல்லைக்குள் வருகிறது. அதுவும் எவ்வளவு நேரம், எத்தனை பேருக்கு, மாற்று வழி இருந்ததா என்ற அளவுகளோடு.

இந்தக் கோடு போராட்டக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். பேச வந்த ஒருவரின் கூட்டத்துக்கு வெளியே எதிர்ப்புப் பதாகை பிடிப்பது பேச்சு. அவர் வாயைத் திறக்க முடியாதபடி ஒரு மணி நேரம் கத்துவது, கேட்க வந்த இருநூறு பேரின் காதை அடைப்பது. அதே போல், ஒரு நாட்டையோ கொள்கையையோ எவ்வளவு கடுமையாகத் திட்டினாலும் அது கருத்து. ஒரு குறிப்பிட்ட மாணவரை அவருடைய மதத்தையோ இனத்தையோ சாதியையோ சொல்லி விடுதிவரை துரத்துவது துன்புறுத்தல். இந்த இடத்தில் நிர்வாகம் தயங்கினால் போராடாத மாணவர்களைக் கைவிட்டதாகவே பொருள்.

இன்னொரு சொல்லையும் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு விதியை வேண்டுமென்றே, வெளிப்படையாக, வன்முறை இல்லாமல் மீறிவிட்டு அதற்கான விளைவை ஏற்றுக்கொள்ளத் தயாராக நிற்பது சட்டமறுப்பு. போராடும் உரிமை என்று சொல்லும்போது பலர் இதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். உண்மையில் இது உரிமையின் எல்லைக்கு அப்பால் தெரிந்தே வைக்கும் அடி. சட்டமறுப்பின் கனமே அந்த விளைவில்தான் இருக்கிறது. தண்டனையே கூடாது என்று முதல் நாளே கேட்கிற சட்டமறுப்பு கொஞ்சம் எடை குறைந்ததுதான். ஆனால் மீறப்பட்ட விதியே தவறானதாக இருக்கலாம் என்பதையும் நிர்வாகம் மறக்கக் கூடாது.

பெர்க்லியில் 1964ஆம் ஆண்டு நடந்தது அதுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அந்த வளாக வாசலில் மாணவர்கள் மேசை போட்டு அரசியல் துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் நிதி திரட்டுவதும் வழக்கம். செப்டம்பரில் நிர்வாகம் அதைத் தடைசெய்தது. அக்டோபர் 1ஆம் தேதி தடையை மீறி மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கைது செய்து போலீஸ் காரில் ஏற்றினார்கள். மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சுமார் 32 மணி நேரம் கார் நகரவில்லை. அதன் கூரையே மேடையானது. மரியோ சாவியோ என்ற மாணவர் காரில் கீறல் விழாமலிருக்கக் காலணியைக் கழற்றிவிட்டு ஏறிப் பேசினார். டிசம்பரில் நிர்வாகக் கட்டடத்தில் உள்ளிருப்பு. ஏறக்குறைய 800 பேர் கைது. கடைசியில் டிசம்பர் 8ஆம் தேதி ஆசிரியர்களின் பேரவை 824க்கு 115 என்ற வாக்கில் தீர்மானம் போட்டது: பேச்சின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தக் கூடாது, நேரம், இடம், விதம் ஆகியவற்றில் நியாயமான ஒழுங்கு போதும். செப்டம்பரிலேயே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதியிருக்கக்கூடிய இரண்டு வரி.

சுருக்கமாக: தடை எவ்வளவு என்பதுதான் அளவு. விதியை மீறுவதற்கு விளைவு உண்டு. விதி சரியானதா என்பது தனிக் கேள்வி, அதையும் கேட்டே ஆக வேண்டும்.

போலீஸ் வந்தபின் என்ன நடக்கிறது

விவாதத்தில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்தக் கட்டம்தான். போலீஸைக் கூப்பிடுவதை ஒரு முடிவாக நினைக்கிறார்கள்: கூப்பிட்டால் கதை முடிந்தது என்று. அனுபவம் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது. அது ஏன் என்று பொறிமுறையோடு பார்ப்போம்.

எந்தப் போராட்டத்திலும் மூன்று வட்டங்கள் இருக்கும். நடுவில் உறுதியான சிலர். சுற்றிலும் அனுதாபம் உள்ள பலர். அதற்கும் வெளியே, நாளைய தேர்வைப் பற்றி மட்டும் கவலைப்படும் பெருங்கூட்டம். கோரிக்கை நடு வட்டத்தினுடையது. வெளி வட்டத்துக்கு அந்தக் கோரிக்கை புரியக்கூட வேண்டியதில்லை. ஆனால் தன் வகுப்புத் தோழி இழுத்துச் செல்லப்படும் காட்சி எல்லாருக்கும் புரியும். அந்தக் கணத்தில் போராட்டத்தின் பொருளே மாறுகிறது. காலையில் ஏதோ ஒரு கோரிக்கைக்காக இருந்தது, மாலையில் "எங்கள் வளாகத்தில் தடியடியா?" என்றாகிறது. முதல் கேள்வியில் கருத்து வேறுபட்டவர்கள்கூட இரண்டாவதில் ஒன்றுசேர்வார்கள்.

பாரிஸில் 1968ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி சோர்போன் பல்கலைக்கழக முற்றத்தில் கூடியிருந்தவர்கள் சில நூறு பேர். முந்தைய நாள் நாந்தேர் வளாகம் மூடப்பட்டதை எதிர்த்த கூட்டம் அது. பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டர் போலீஸை அழைத்தார். மாணவர்களை வண்டிகளில் ஏற்றுவதைப் பார்த்துத் தெருவில் கூட்டம் சேர்ந்தது, மோதல் வெடித்தது. பத்து நாளில் பொது வேலைநிறுத்தம். அந்த மாதம் முடிவதற்குள் பிரெஞ்சு அரசே ஆட்டம் கண்டது. அதற்கெல்லாம் வேறு பல காரணங்களும் இருந்தன. ஆனால் தீக்குச்சி உரசப்பட்டது அந்த முற்றத்தில்தான்.

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 2014ஆம் ஆண்டு இந்தப் பொருள்மாற்றத்தை இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். ஒரு மாணவியின் பாலியல் துன்புறுத்தல் புகாரை நடுநிலையாக விசாரிக்க வேண்டும் என்பது கோரிக்கை. செப்டம்பர் 16ஆம் தேதி இரவு மாணவர்கள் துணைவேந்தரை முற்றுகையிட்டிருந்தபோது வளாகத்துக்குள் போலீஸ் வந்து அவர்களை அடித்து அகற்றியது. சில நாளில் நகரத்தின் தெருக்களில் மாபெரும் பேரணி. கோரிக்கை இப்போது துணைவேந்தரின் பதவி விலகல். 2015 ஜனவரியில் அவர் விலகினார். ஒருவரை அறைக்குள் அடைத்துவைப்பது தடைதான், அதில் ஐயம் இல்லை. ஆனால் நள்ளிரவுத் தடியடி அதை யாரும் பேசாதபடி செய்துவிட்டது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு இந்தப் பாடம் இரண்டு முறை கிடைத்தது. 1968 ஏப்ரல் 30ஆம் தேதி கைப்பற்றப்பட்ட கட்டடங்களைப் போலீஸ் காலிசெய்தது. சுமார் 700 பேர் கைது. அந்தக் கல்வியாண்டு அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. 2024 ஏப்ரல் 18ஆம் தேதி காஸா போர் தொடர்பாகப் புல்வெளியில் கூடாரம் அடித்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். புதிய கூடாரங்கள் அங்கேயே முளைத்தன, நாடெங்கும் பல வளாகங்களுக்குப் பரவின. மாணவர்கள் கைப்பற்றிய ஹாமில்டன் ஹாலைப் போலீஸ் காலிசெய்த தேதி, ஏப்ரல் 30.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. ஆயுதம் தாங்கியவர்கள் உள்ளே வந்தபின் கட்டுப்பாடு பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை. ஒஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 1970 மே மாதம் தேசியக் காவல் படையை அழைத்தது பல்கலைக்கழகம்கூட அல்ல. நகர மேயர் கேட்டார், ஆளுநர் அனுப்பினார். மே 4ஆம் தேதி 13 விநாடிகளில் 67 தோட்டாக்கள். 4 மாணவர்கள் இறந்தார்கள், 9 பேர் காயமடைந்தார்கள். அவர்களில் சிலர் வகுப்பிலிருந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். சிறிய அளவிலும் இதுதான் நடக்கிறது: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2011 நவம்பரில் தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் வளாகப் போலீஸ் அதிகாரி மிளகுத் தெளிப்பான் அடித்தார். பல்கலைக்கழகமே நியமித்த குழு, இது தவிர்த்திருக்க வேண்டியது, தவிர்த்திருக்கவும் முடிந்தது என்று சொன்னது. வழக்கை முடிக்க 10 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

அப்படியானால் எப்போதுமே அழைக்கக் கூடாதா? அழைக்க வேண்டிய நேரம் உண்டு. யாராவது தாக்கப்படும்போது, வெளியேற முடியாமல் ஆள் சிக்கியிருக்கும்போது, தீயோ ஆயுதமோ இருக்கும்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உயிரையும் உடலையும் காப்பது போலீஸ் வேலை. நிர்வாகத்தின் சங்கடத்தைத் தீர்ப்பது அவர்கள் வேலை இல்லை.

போலீஸ் வளாகத்துக்குள் நுழையவே சட்டப்படி முடியாது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான நாடுகளில் அப்படி எதுவும் இல்லை. கிரேக்கத்தில் அதற்கு நெருக்கமான ஒரு சட்டம் இருந்தது. 1973 நவம்பர் 17ஆம் தேதி ராணுவ ஆட்சியின் டாங்கி ஏதென்ஸ் பாலிடெக்னிக்கின் வாயிற்கதவை இடித்துக்கொண்டு நுழைந்த நினைவில் 1982ஆம் ஆண்டு அதை இயற்றினார்கள். 2019இல் அதுவும் நீக்கப்பட்டுவிட்டது.

காத்திருப்பது தளர்வா?

"போலீஸும் வேண்டாம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?" என்று கேட்பார்கள். இங்கேதான் பல்கலைக்கழகத்திடம் இருக்கும் ஒரு கருவியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: காலம். தேர்வு வரும், விடுமுறை வரும், தரை குளிரும், உட்கார்ந்திருப்பவர்களுக்குள் கருத்து வேறுபாடு வரும். நிர்வாகம் எங்கேயும் போகப்போவதில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1969ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஓர் உதவிப் பேராசிரியரின் பணியை நீட்டிக்காததை எதிர்த்து மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். தலைவராக இருந்த எட்வர்டு லெவி போலீஸைக் கூப்பிடவில்லை. அலுவலகங்களை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். இரண்டு வாரத்துக்குப் பின் மாணவர்கள் தாமாகவே வெளியேறினார்கள். அதோடு கதை முடியவில்லை. பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்கள் விசாரித்து 42 பேரை நீக்கின, 80க்கும் மேற்பட்டவர்களை இடைநீக்கம் செய்தன. லெவி இளகிய மனம் படைத்தவர் என்று இதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. எனக்கு அந்தத் தண்டனைகள் மிகக் கடுமையாகவே படுகின்றன. ஆனால் ஒரு மண்டை உடையவில்லை. விதியை மீறியதற்கான பதில் தெருவில் இல்லாமல் மேசையில், பெயர் பெயராக விசாரித்துச் சொல்லப்பட்டது. பொறுமையும் கண்டிப்பும் எதிரெதிரானவை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

எதைக் கொடுக்க முடியும்

கோரிக்கைகளுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது, அது பல்கலைக்கழகத்தின் அதிகாரத்துக்குள் இருக்கிறதா என்பது. கட்டணம், விடுதி, புகார்க் குழு, முதலீடு, ஒரு சிலை ஆகியவை உள்ளே. ஒரு போரை நிறுத்துவதும் ஒரு சட்டத்தைத் திரும்பப் பெறுவதும் வெளியே. வெளியே இருப்பதற்கு "எங்களால் முடியாது" என்று நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. மழுப்புகிறவர்கள் மீதுதான் மாணவர்களுக்குக் கோபம் அதிகம்.

உள்ளே இருப்பதற்கு, முடிவை வாக்குறுதியாகக் கொடுக்கத் தேவையில்லை. முடிவெடுக்கும் வழியைக் கொடுக்கலாம். எந்தக் குழு, எந்தத் தேதி, மாணவர்கள் எப்போது பேசலாம், முடிவு எப்போது வெளிவரும். பிரவுன் பல்கலைக்கழகம் 2024 ஏப்ரல் இறுதியில் இப்படித்தான் செய்தது. இஸ்ரேல் தொடர்புடைய சில நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கும் கோரிக்கை அக்டோபரில் ஆட்சிக்குழுவின் வாக்கெடுப்புக்கு வரும் என்று எழுதிக்கொடுத்தார்கள். மாணவர்கள் கூடாரங்களைக் கழற்றினார்கள். அக்டோபரில் கோரிக்கை தோற்றது. மாணவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் சொன்ன வாக்கெடுப்பு சொன்ன மாதத்தில் நடந்தது. அதை நிர்வாகம் பணிந்துபோனது என்று சிலர் எழுதினார்கள், மாணவர்களை ஏமாற்றியது என்று வேறு சிலர் எழுதினார்கள். இரு பக்கமும் திட்டு வாங்கிய ஏற்பாட்டின்மீது எனக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

சில சமயம் மாணவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில், பிரிட்டிஷ் காலனியாதிக்கத் தலைவர் செசில் ரோட்ஸின் சிலைக்கு எதிரான போராட்டம் 2015 மார்ச் 9ஆம் தேதி தொடங்கியது. ஏப்ரல் 8ஆம் தேதி ஆட்சிக்குழு அகற்ற முடிவெடுத்தது, மறுநாள் சிலை கிரேனில் ஏறியது. பத்தாண்டுக்கணக்கில் அங்கே நின்றிருந்த சிலையைப் பற்றிப் பேசத் தொடங்கியபின் முடிவெடுக்க ஒரு மாதம் போதுமாக இருந்தது.

பல்கலைக்கழகத்துக்குச் சொந்தக் கருத்து இருக்கலாமா?

பொது விவகாரங்களில் பல்கலைக்கழகம் ஒரு நிறுவனமாக எந்தப் பக்கமும் அறிக்கை விடாமல் இருப்பதை நிறுவன நடுநிலை என்பார்கள். சிகாகோவில் ஹாரி கால்வன் தலைமையில் அமைந்த குழு 1967ஆம் ஆண்டு இதை வரையறுத்தது: விமர்சகர்களுக்கு வீடாக இருப்பதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை, தானே விமர்சகராவது இல்லை. நிறுவனம் வாயை மூடிக்கொள்வது உள்ளே இருப்பவர்கள் தாராளமாகப் பேசுவதற்காக. இதைத் தலைகீழாக்கி, "நாங்கள் நடுநிலை, ஆகவே நீங்களும் பேசாதீர்கள்" என்று மாணவர்களை அடக்குவதற்குப் பயன்படுத்துவது வாடிக்கையாகிவிட்டது.

அதே அறிக்கை ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறது: பல்கலைக்கழகத்தின் அடிப்படை நோக்கத்துக்கே அச்சுறுத்தல் வரும்போது பேச வேண்டும். மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழக ரெக்டர் ஹவியேர் பாரோஸ் சியேரா அதைச் செய்து காட்டினார். 1968 ஜூலை இறுதியில் ராணுவம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு பள்ளியின் கதவைத் தோளில் வைத்துச் சுடும் பஸூக்காவால் தகர்த்தபோது கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினார். ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் பேரணிக்குத் தானே தலைமை தாங்கி நடந்தார். மாணவர்களின் எல்லாக் கோரிக்கைகளையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்று அதற்குப் பொருள் இல்லை. வாசற்படி தன்னுடையது என்று சொன்னார்.

தண்டனைக்கு முன் செய்ய வேண்டியவை

விதி மீறல் நடந்திருந்தால் விசாரணை வேண்டும். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுப்பது, பதில் சொல்ல அவகாசம் தருவது, புகார் கொடுத்தவரே தீர்ப்புச் சொல்லாமல் பார்த்துக்கொள்வது, மேல்முறையீட்டுக்கு வழி வைப்பது ஆகிய நான்கும் சேர்ந்தது முறையான விசாரணை. இதில் புதுமை எதுவும் இல்லை. காப்பியடித்த மாணவருக்குச் செய்வதைப் போராடிய மாணவருக்கும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கூட்டத்தில் நின்ற எல்லாருக்கும் ஒரே கடிதம் அனுப்புவது விசாரணை ஆகாது. விசாரணைக்கு முன்பே விடுதியை விட்டு வெளியேற்றுவது, உடனடி ஆபத்து இல்லாத இடத்தில், தண்டனையை முன்கூட்டியே கொடுத்துவிடுவதுதான்.

மறுபடியும் நூலகம்

இத்தனை அளவுகோல் இருந்தும் விளிம்பில் நிற்கும் நிகழ்வுகள் வரத்தான் செய்யும். 2024 செப்டம்பரில் ஹார்வர்டின் வைட்னர் நூலகத்தில் சுமார் முப்பது மாணவர்கள் பாலஸ்தீன ஆதரவின் அடையாளமான கஃபியா துண்டைக் கழுத்தில் அணிந்து, மடிக்கணினியின் முதுகில் வாசகம் ஒட்டி, மௌனமாக உட்கார்ந்து படித்தார்கள். நூலகம் அவர்களை இரண்டு வாரம் உள்ளே வரக் கூடாது என்றது. அடுத்த மாதம் இருபதுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் அதே அறையில் அதே போல மௌனமாக உட்கார்ந்து, கருத்துச் சுதந்திரம் பற்றியவற்றைப் படித்தார்கள். அவர்களுக்கும் இரண்டு வாரம் தடை.

நூலகத்தின் வாதம் புரிகிறது: எந்தக் கருத்தாக இருந்தாலும் வாசிப்பு அறையில் ஆர்ப்பாட்டம் கூடாது, விதி எல்லாருக்கும் ஒன்று. பேராசிரியர்களுக்கும் அதே தண்டனை என்பதால் சொன்னபடி நடந்துகொண்டார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் யாருடைய எந்த வேலை நின்றது என்று கேட்டால் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஒரே நேரத்தில் முப்பது பேர் வந்து ஒரே வாசகத்தை ஒட்டிக்கொண்டு படித்தால் ஆர்ப்பாட்டம், ஒருவர் மட்டும் ஒட்டிக்கொண்டு படித்தால் வாசிப்பு என்றால், எந்த எண்ணில் ஒன்று மற்றொன்றாகிறது? கால்பந்து அணியின் வாசகத்தை ஒட்டிக்கொண்டு முப்பது பேர் வந்திருந்தால் காவலர் அடையாள அட்டைகளைக் குறித்துக்கொண்டிருப்பாரா? என் கணக்கில் அந்த மாணவர்களை அப்படியே படிக்க விட்டிருக்கலாம். எதிர்த் தரப்பை நம்புகிற ஒரு மாணவிக்கு, எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வாசகம் கண்ணில் படும் அறையில் அன்று படிப்பு ஓடியிருக்குமா என்று நீங்கள் கேட்டால், நானும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.